உழவர் நோயை எண்ணிய வைத்தியர்கள்

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. ஞாயிறு எழும் கடற்புறத்தை எழுவான்கரை என்றும், ஞாயிறு படும் மேற்குப் புறத்தைப் படுவான்கரை என்றும் அந்நாட்டு மக்கள் வழங்குவர். எழுவான்கரையில் தென்னஞ்சோலைகளும் நெருங்கிய ஊர்களும் உள்ளன. படுவான்கரையிலோ கண்ணுக்கெட்டிய தூரம் வயல்களே. உன்னிச்சை, உறுகாமம், நவகிரி முதலிய குளங்களின் நீர் அவ்வயல்களில் பாய்ந்து, எஞ்சியது வாய்க்கால் வழியாக வாவியை வந்தடைகின்றது. மீன் பாடும் தேனாடு என்று அப்பகுதி புகழ் பெற்றிருப்பினும், அதற்குச் சோறிடுவது படுவான்கரை மண்ணேயாகும்.

வேளாண்மை என்பது பயிர்த்தொழிலுக்குத் தமிழில் வழங்கும் பொதுப் பெயர். மட்டக்களப்பிலோ அச்சொல் வயலில் நிற்கும் நெற்பயிரையே குறிக்கும். 'வேளாண்மை விளைந்துவிட்டது', 'வேளாண்மை வெட்டியாயிற்று' என்பது அங்கு அன்றாடப் பேச்சு. இப்பேச்சில் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வேறொரு சொல்வழக்கும் வந்து சேர்ந்தது. அதுதான் 'எண்ணெய் அடித்தல்' என்பது. எண்ணெய் என்றவுடன் நல்லெண்ணெயையோ தேங்காயெண்ணெயையோ எண்ணுதல் வேண்டா. பூச்சியையும் களையையும் கொல்லும் நஞ்சுக்கு உழவர் இட்ட பெயர் அது. தலைக்கு வைக்கும் பொருளின் பெயரும் உயிர் குடிக்கும் பொருளின் பெயரும் ஒன்றாய்ப் போயின. ஒரு நஞ்சு எவ்வளவு எளிதாக வீட்டுப் பொருளாயிற்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

முழங்காலளவு மடித்துக் கட்டிய சாரம்; வெறுங்கால்; முதுகிலே தெளிகருவி. காற்று எதிர்த்து வீசினால் நுண்துளிகள் முகத்திற் படியும். கருவியின் மூடி சற்றுத் தளர்ந்திருந்தால் நஞ்சு முதுகில் வழியும். மாலையில் வீடு திரும்பியவனுக்குத் தலை சுற்றும், வாய் நீரூறும், கண் மங்கும், வியர்வை பெருகும். 'வெயில் பட்டுவிட்டது' என்று வீட்டார் சொல்வர். மறுநாள் அவன் மீண்டும் வயலுக்குப் போவான். அது வெயிலன்று, செய்த தொழிலே அந்நோயைத் தந்தது என்பதைக் கண்டுணர்ந்து, அத்தகையோர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்த வைத்தியர்களின் வரலாறு சிந்திக்கத் தக்கது.

தொழிலுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை முறையாக ஆராய்ந்தவர்களுள் முதல்வராகப் போற்றப்படுபவர் இத்தாலி நாட்டு வைத்தியர் பெர்நார்டினோ ரமஸ்ஸினி. 1633ஆம் ஆண்டு பிறந்த அவர் மொடேனா நகரில் வாழ்ந்த காலத்தில், தம் வீட்டு மலக்குழியைத் துப்புரவு செய்யவந்த தொழிலாளி ஒருவன் பதைபதைத்து விரைவதைக் கண்டார். காரணம் வினவியபோது, அக்குழிக்குள் நெடுநேரம் நின்றால் கண் கெட்டுவிடும் என்று அவன் விடை கூறினான். அந்த விடை ரமஸ்ஸினியின் உள்ளத்தில் தைத்தது. சுரங்கத்தார், குயவர், கண்ணாடி செய்வோர், நெசவாளர், உழவர் எனப் பல தொழிலாளரின் பட்டறைகளுக்கும் அவர் நேரிற் சென்றார். 1700ஆம் ஆண்டில் தொழிலாளர் நோய்கள் பற்றிய தமது நூலை வெளியிட்டார். நோயாளியிடம் வைத்தியர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, 'நீ செய்யும் தொழில் யாது?' என்னும் ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே அவர் உலகுக்கு விட்டுச்சென்ற செல்வம். வள்ளுவரும் தமது மருந்து அதிகாரத்திலே வைத்தியன் நோயை அறிந்தபின் அதன் காரணத்தை அறிய வேண்டும் என்று வற்புறுத்துகின்றார் அன்றோ?

ரமஸ்ஸினிக்குப் பின் இத்துறை மெல்ல வளர்ந்தது. 1775இல் இங்கிலாந்தின் பேர்சிவல் பொட் என்னும் சத்திரசிகிச்சை வைத்தியர், புகைக்கூண்டு துடைக்கும் சிறுவர்கள் வளர்ந்தபின் அவர்களுக்கு வரும் ஒருவகைப் புற்றுநோய்க்குப் புகைக்கரியே காரணம் என்று காட்டினார். 1906இல் மிலான் நகரிற் கூடிய வைத்தியர்கள் சர்வதேசத் தொழிற் சுகாதார ஆணைக்குழுவை நிறுவினர். அமெரிக்காவில் அலிஸ் ஹமில்டன் என்னும் பெண் வைத்தியர் ஈயத் தொழிற்சாலைகளுக்கும் தொழிலாளரின் வீடுகளுக்கும் நடந்து நடந்து, ஈயநஞ்சு ஏறியவர்களை ஒவ்வொருவராகத் தேடிக் கணக்கெடுத்தார். 1919இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் குழாத்தில் இடம்பெற்ற முதற் பெண்மணி அவரே. எண்ணிக்கை இல்லாத துன்பம் அரசின் கண்ணுக்குப் புலப்படாது. ஆதலின் எண்ணுதலும் ஒருவகை வைத்தியமே என்பதை அவருடைய வாழ்வு காட்டிற்று.

இலங்கையிலும் தொழிலாளரைக் காக்கும் சட்டங்கள் பிறந்தன. 1934இல் வேலையாள் நட்டஈட்டுச் சட்டமும், 1942இல் தொழிற்சாலைகள் சட்டமும் இயற்றப்பட்டன. 1950களில் வாழைச்சேனையில் காகித ஆலை எழுந்தபோது, அதன் வாயில்வரை அச்சட்டம் வந்தது. பொறிகளுக்கு வேலி வேண்டும், காற்றோட்டம் வேண்டும் என்றெல்லாம் அது விதித்தது. ஆனால் அந்த ஆலைக்கு வைக்கோல் விளைந்த வயலின் வரம்பிலேயே சட்டம் நின்றுவிட்டது. தன் நிலத்தில் தானே உழைப்பவனுக்கு முதலாளி இல்லை; முதலாளி இல்லாதவனுக்கு நட்டஈடு கொடுப்பாரும் இல்லை. ஆலையிலே நஞ்சு கசிந்தால் அது விபத்து எனப்படும். வயலிலே கசிந்தால் அது விதி எனப்பட்டது.

அந்த நஞ்சு எங்கிருந்து வந்தது? 1930களில் ஜேர்மனியில் ஜெராட் ஸ்க்ராடர் என்னும் இரசாயனவியலாளர் பூச்சிகளைக் கொல்லும் பொருளைத் தேடி, பொசுபரசு அடங்கிய சேதனச் சேர்வைகளை ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சி இரு கிளைகளாய்ப் பிரிந்தது. ஒன்று போருக்குரிய நச்சுவாயு. மற்றொன்று வயலுக்குரிய பூச்சிகொல்லி. பரத்தியன் இரண்டாவது கிளையைச் சேர்ந்தது. எனினும் இரண்டும் உடம்பினுள் செய்யும் வேலை ஒன்றே. நரம்பிலிருந்து தசைக்குக் கட்டளை கொண்டு செல்லும் ஒரு பொருள் உடம்பில் உண்டு. அதன் வேலை முடிந்தவுடன் அதனைச் சிதைத்து அப்புறப்படுத்துவதற்கு ஒரு நொதியம் உண்டு. இந்நஞ்சு அந்த நொதியத்தைக் கட்டிப்போடுகின்றது. கட்டளை ஓயாமல் ஒலித்துக்கொண்டேயிருக்கக் கண்ணின் மணி ஊசிமுனைபோற் சுருங்குகின்றது; எச்சில் பெருகுகின்றது; தசைகள் துடிக்கின்றன; இறுதியில் மூச்சு நின்றுவிடுகின்றது. அத்திரோப்பின் என்னும் மருந்தைக் காலந்தாழ்த்தாது உரிய அளவிற் செலுத்தினால் பலரைக் காப்பாற்றலாம். காலந்தாழ்த்தாது என்பதே இங்கு உயிர்நாடி.

இந்த நஞ்சின் இயல்பை நமது அயல்நாடுகள் பெருந்துயரினூடே அறிந்துகொண்டன. 1958இல் கேரளத்தில் பரத்தியன் கலந்த கோதுமை மாவை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1976இல் பாகிஸ்தானில் மலேரியா ஒழிப்புக்காக வீடு வீடாக மலத்தியன் தெளித்த 7,500 தொழிலாளருள் ஏறத்தாழ 2,800 பேர் நோயுற்றனர், ஐவர் இறந்தனர். மலத்தியன் அவ்வளவு கொடியதன்று என்றே அதுவரை நம்பியிருந்தனர். ஆராய்ந்தபோது, அதில் கலந்திருந்த மாசுப்பொருளே அதன் நச்சுத்தன்மையைப் பெருக்கியது என்று தெரிந்தது. பிறர் நோயைத் தடுக்கச் சென்றவர்கள் தம் தொழிலாலேயே நோயாளிகளாயினர்.

இலங்கையில் உழவரின் நஞ்சேற்றத்தைக் கணக்கெடுத்தவர்களுள் தலைமையானவர் பேராசிரியர் ஜெயரத்தினம் என்னும் தமிழ் வைத்தியர். கொழும்பு வைத்திய பீடத்தின் சமுதாய வைத்தியப் பகுதியில் பணியாற்றிய அவர், தொழில்சார் வைத்தியத்தையே தமது துறையாகக் கொண்டார். புதிய நெல்லினங்களும் உரமும் பூச்சிகொல்லியும் ஒருங்கே கிராமங்களுக்குள் புகுந்த காலம் அது. வைத்தியசாலைகளில் நஞ்சேறியவர்கள் நாள்தோறும் அனுமதிக்கப்பட்டனர். ஒவ்வொரு வைத்தியரும் தம் கட்டிலில் கிடந்தவரைக் கண்டாரேயன்றி, நாடு முழுவதற்கும் தொகை யாது என்று கண்டார் இல்லை.

ஜெயரத்தினமும் அவருடைய துணைவர்களான டி அல்விஸ் செனவிரத்தினவும் கொப்பிள்ஸ்டனும் அந்தத் தொகையைத் தேடினர். நாடளாவிய மாதிரி ஆய்வாக நிகழ்ந்த அம்முயற்சியின் முடிவு 1982இல் உலக சுகாதார தாபனத்தின் ஏட்டில் வெளிவந்தது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 13,000 பேர் பூச்சிகொல்லி நஞ்சினால் வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்படுகின்றனர். அவர்களுள் ஏறத்தாழ 1,000 பேர் இறக்கின்றனர் என்று அது கூறிற்று. அவர்களுள் நூற்றுக்கு 73 பேர் மனக்கலக்கத்தால் தம்முயிரைத் தாமே மாய்க்க முற்பட்டவர்கள். ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினர் தொழிலாலோ தற்செயலாலோ நஞ்சேறியவர்கள்.

இவ்விரு பிரிவினரையும் வேறு வேறாகப் பார்ப்பதே பலருக்கு வழக்கம். முன்னது மனநோய், பின்னது கவனக்குறைவு என்று பகுத்துவிட்டால் நஞ்சை விற்பாருக்கும் அதனை அனுமதிப்பாருக்கும் பொறுப்பு இல்லாது போய்விடும். தொழில்சார் வைத்தியத்தின் பார்வையோ வேறு. இரு பிரிவினரும் ஒரே போத்தலுக்கு இரையானவர்கள். தொழிலுக்கென்று வாங்கிய நஞ்சு உழவனின் வீட்டு மூலையில் இருப்பதனாலன்றோ, ஒரு சண்டையின் சூட்டிலும் ஒரு கடனின் வெட்கத்திலும் கை அதனை நாடுகின்றது? அந்தக் கணம் கடந்துவிட்டால், பக்கத்தில் ஒருவர் அமர்ந்து பேசிவிட்டால், மிகப்பலர் வாழவே விரும்புவர். கொடிய நஞ்சு கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் அந்தக் கணம் கடந்து போவதற்கு இடமில்லை.

பின்னர் ஜெயரத்தினம் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். அங்கிருந்து இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து, இலங்கை ஆகிய நான்கு நாட்டு விவசாயத் தொழிலாளரையும் உடனாய்வாளருடன் ஆராய்ந்து 1987இல் வெளியிட்டார். வைத்தியசாலைக்கு வந்தவரை எண்ணுவதோடு நில்லாமல், வயலில் நிற்பவரிடமே சென்று கேட்டறிந்த ஆய்வு அது. 1990இல் அவர் எழுதிய கட்டுரை உலகின் கவனத்தை ஈர்த்தது. உலகில் ஆண்டுதோறும் 10 இலட்சம் பேர் எண்ணாமலே கடுமையாக நஞ்சேறக் கூடும். மேலும் 20 இலட்சம் பேர் உயிர்மாய்க்க முயன்று வைத்தியசாலை சேரக்கூடும். வளர்முக நாடுகளில் 250 இலட்சம் விவசாயத் தொழிலாளர் ஆண்டுக்கு ஒரு முறையேனும் நஞ்சின் தாக்கத்தை உணரக்கூடும் என்று அவர் மதிப்பிட்டார். தலை சுற்றி, வாய் நீரூறி, 'வெயில் பட்டுவிட்டது' என்று படுத்துக்கொண்ட படுவான்கரை உழவனும் அந்த 250 இலட்சத்துள் ஒருவனாய் முதன்முதலாகக் கணக்கில் ஏறினான். 1906இல் மிலானில் தோன்றிய அந்தச் சர்வதேச ஆணைக்குழுவின் பொதுச் செயலாளர் பதவியையும் ஜெயரத்தினம் 1990களில் வகித்தார்.

கணக்குக் கிடைத்தது, பரிகாரம் யாது? 'உழவனுக்குக் கற்பியுங்கள், கையுறையும் முகமூடியும் அணியச் சொல்லுங்கள்' என்பதே எளிதிற் கிடைத்த விடை. அது தவறன்று, ஆனால் அது போதுமோ? சித்திரை, வைகாசி வெயிலிலே மட்டக்களப்பு வயலில் இறப்பர் அங்கியும் சப்பாத்தும் அணிந்து சேற்றில் நடப்பது எத்துணைக் கடினம் என்பதைச் சிறுபோகம் செய்தவர்கள் அறிவர். பேராதனையைச் சேர்ந்த சிவயோகநாதனும் உடனாய்வாளரும் நஞ்சு தெளிக்கும் உழவரின் பாதுகாப்பு முறைகளையும் அவர்களிடம் காணும் நோய்க்குறிகளையும் ஆராய்ந்து 1995இல் எழுதினர். தொழில்சார் வைத்தியம் வகுத்திருக்கும் படிமுறை ஒன்று உண்டு. முதலாவது, கேடு தரும் பொருளையே அகற்றுக, இயலாதாயின் குறைந்த கேடுடையதை அதனிடத்தில் வைக்க, அதுவும் இயலாதாயின் மனிதனுக்கும் பொருளுக்கும் இடையே தடை அமைக்க, கவசம் இறுதியிலேதான். நாம் பெரும்பாலும் இறுதிப் படியிலே தொடங்கி அங்கேயே நின்றுவிடுகின்றோம்.

இலங்கை இதில் முதற்படியை நோக்கி நடந்தது என்பது பெருமைக்குரிய செய்தி. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் பதிவாளர் ஒருவருக்கு அதிகாரம் அளித்தது. 1984இல் பரத்தியனும் மெத்தில் பரத்தியனும் தடைசெய்யப்பட்டன. 1995இல் மொனோகுரோட்டபோசும் மெத்தமிடோபோசும் விலக்கப்பட்டன. ஆயினும் நஞ்சு மற்றொரு வாயிலால் நுழைந்தது. அவற்றினிடத்தை எண்டோசல்பான் பிடித்துக்கொண்டது. அதனால் இடையறாத வலிப்புக் கண்டு இறந்தோர் தொகை 1994இல் ஒன்றாயிருந்து 1998இல் ஐம்பதாக உயர்ந்தது என்று வைத்தியசாலைப் பதிவுகளை ஆராய்ந்தோர் கண்டனர். 1998இல் அதுவும் தடைசெய்யப்பட்டது. 2008 முதல் 2011 வரை டைமெதோயேட்டும் பென்தியனும், மாற்று மருந்தில்லாத பரகுவாட் என்னும் களைநாசினியும் படிப்படியாக அகற்றப்பட்டன.

ஒவ்வொரு தடையின்போதும், 'அறக்கொட்டி பெருகும், விளைச்சல் வீழும், நாடு பட்டினியாகும்' என்ற அச்சம் எழுந்தது. அந்த அச்சத்தை இகழ்தல் கூடாது. கபிலநிறத் தத்தியை உழவர் அறக்கொட்டி என்பர். ஒரே வாரத்தில் பச்சை வயலை எரிந்த வயலாக்கும் அப்பூச்சியைக் கண்டவனுக்கே அதன் கொடுமை தெரியும். ஆகவே அந்த வினாவுக்கும் ஆராய்ச்சியே விடை கூறவேண்டியதாயிற்று. பீடைகொல்லிப் பதிவாளராயிருந்த காமினி மனுவீரவும், மைக்கல் எடில்ஸ்ரன் முதலிய வைத்தியர்களும் சேர்ந்து 2008இல் வெளியிட்ட ஆய்வு, அத்தடைகளின் பின் நெல் விளைச்சல் குறையவில்லை என்று காட்டிற்று. உயிர்கள் காக்கப்பட்டனவா? 1995இல் இலட்சத்துக்கு 47 என்ற உச்சத்தை எட்டியிருந்த தற்கொலை வீதம் அதன்பின் இறங்கத் தொடங்கியது. 1996 முதல் 2005 வரையான பத்தாண்டில், அதற்கு முந்திய பத்தாண்டைவிட ஏறத்தாழ 20,000 உயிரிழப்புகள் குறைந்தன.

நஞ்சைப் பூட்டி வைத்தால் போதாதா என்ற கேள்வியையும் ஆய்வாளர் விட்டுவைக்கவில்லை. வடமத்திய மாகாணத்தில் 180 கிராமங்களில், 50,000க்கு மேற்பட்ட வீடுகளை உட்படுத்தி, பூட்டும் பெட்டி கொடுக்கப்பட்ட கிராமங்களையும் கொடுக்கப்படாத கிராமங்களையும் ஒப்பிட்டனர். 2017இல் வெளிவந்த முடிவின்படி, பெட்டியினால் பயன் விளைந்ததாகத் தெரியவில்லை. பூட்டு இருக்கும் வீட்டில் திறப்பும் இருக்கும். கொடிய நஞ்சு நாட்டுக்குள்ளேயே வராதிருப்பதுதான் உண்மையான பூட்டு.

இனி மீண்டும் வாவிக்கரைக்கு வருவோம். மட்டக்களப்பில் 'பாதை' என்றால் தெருவை மட்டும் குறிப்பதன்று. வாவியைக் கடக்கும் மிதவைக்கும் அதுவே பெயர். மண்முனைப் பாதை, அம்பிளாந்துறைப் பாதை, மண்டூர்ப் பாதை என்று துறைதோறும் ஒரு பாதை. படுவான்கரையில் நஞ்சேறிய ஒருவனை வண்டியில் ஏற்றித் துறைக்குக் கொணர்ந்து, பாதை அக்கரையிலிருந்து வரும்வரை காத்திருந்து, வாவியைக் கடந்து மட்டக்களப்பு வைத்தியசாலையை அடையவேண்டும். நிமிடங்களால் அளக்கவேண்டிய நோயை மணிகளால் அளந்த காலம் அது. போர் நிகழ்ந்த ஆண்டுகளில் அந்தக் கடப்பு மேலும் கடினமாயிற்று. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. அதனை நெல்லும் மக்களும் செல்லும் வழியாக மட்டும் கருதுதல் போதாது. ஒரு வைத்தியரின் கையிலுள்ள அத்திரோப்பின் ஊசிக்கும் ஓர் உழவனின் நரம்புக்கும் இடையே இருந்த தூரத்தை அது குறைத்தது. சுற்றாடலும் வைத்தியத்தின் ஒரு பகுதி என்பது இங்கு விளங்கும்.

இன்னும் விடை காணாத வினாக்கள் உள. வடமத்திய மாகாண உழவரிடையே 1990களில் காணப்பட்ட, காரணம் துணியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் அவற்றுள் ஒன்று. வெப்பம், குடிநீர், விவசாய இரசாயனம் எனப் பல காரணங்களை ஆய்வாளர் ஆராய்ந்து வருகின்றனர். ஆந்திராவின் உத்தானத்திலும் மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களிலும் இதனை ஒத்த நோய் உழைப்பாளரையே வாட்டுகின்றது. வயலில் தெளித்தது வாய்க்காலில் இறங்கி, வாவியில் மீனும் இறாலும் வளரும் நீரோடு கலக்கும்போது, அது உழவனின் சிக்கலாக மட்டும் நிற்பதில்லை. எழுவான்கரை மீனவனுக்கும் அது உரியதாகின்றது. 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தால் தொழிற் பாதுகாப்பு, சுகாதாரத்துக்கான தேசிய நிறுவனம் தோன்றியது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வைத்திய மாணவர் மட்டக்களப்பு நகரிலேயே பயில்கின்றனர். ஆராய்வதற்கு இடமும் உண்டு, ஆளும் உண்டு.

அவர்கள் கருவிகளை எடுப்பதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான். மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் மொடேனாவில் மலக்குழி அருகே பிறந்த கேள்வி அது. படுவான்கரையிலிருந்து தலைசுற்றலோடு வந்து வாங்கில் அமர்ந்திருக்கும் மனிதனிடம், 'தம்பி, என்ன தொழில் செய்கிறாய்? இன்று எந்த எண்ணெய் அடித்தாய்?' என்று ஒரு வைத்தியர் கேட்டு, விடையைப் பதிவேட்டிலும் எழுதிவிடுவாராயின், அந்த உழவன் ஒரு நோயாளியாக மட்டும் இருப்பதில்லை. கணக்கில் ஏறிய ஒரு குடிமகனாகின்றான். கணக்கில் ஏறியவனையே சட்டமும் காணும், அரசும் காணும். பன்னெடுங்காலம் நமக்குச் சோறிட்ட கைகளுக்கு நாம் செலுத்தவேண்டிய கடனின் தொடக்கம் அந்த ஒரு கேள்வியேயாகும்.